சேவைக்காலம்

கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள்.
ஹட்டனில் இறங்கிய மூன்றாம் நாள்
பலசரக்குக் கடைக்காரர் கேட்டார்,
"இந்தியாப் புள்ளையா?"
அப்பா மஸ்கெலியாவில் பிறந்து
பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அரைக் கிலோ பருப்புக்கு
அவ்வளவு கதை அதிகம்.

தவராசா மல்லியப்புச் சந்தியில் டயர் ஒட்டுகிறவர்.
அவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது
பெட்டியில் ஆறு சேலை,
பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள்:
குன்னூர், அவசரப் பிரிவு, ஒன்பது வருடம்.
அந்த ஒன்பது வருடமும் இப்போது
கொழும்பில் யாரோ ஒருவரின் மேசையில்
பதினொரு மாதமாய்ப் படுத்திருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்:
இந்நாட்டில் சேவைக்காலம்.
எழுதுவினைஞர் நல்ல மனிதர்.
பேனையின் பின்பக்கத்தால் தொட்டுக் காட்டி
"பூச்சியம் போடுங்க" என்றார்.
போட்டேன்.
என் கையெழுத்தில் அத்தனை உருண்டையாய்
வேறெதுவும் வந்ததில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலை.
இளம்பச்சைச் சட்டை.
கட்டில் தட்டு, அழுக்குத் துணி, பிளேன்டீ.
"ஊசியைத் தொடக் கூடாது"
குசுமலதா மிஸ் இதைக் கோபமாகச் சொல்லவில்லை,
கதவு எண் சொல்வதுபோலச் சொன்னார்.

இங்கே டோலோ இல்லை, பனடோல்.
செவிலியர் இல்லை, தாதி.
முதல் வாரம், யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர்
"நாலு நாளா வருத்தம், பிள்ளை" என்றார்.
கட்டிலோரம் உட்கார்ந்து
கையைப் பிடித்துக்கொண்டு
என்னம்மா கவலை என்று கேட்டேன்.
வயிற்றோட்டம் என்றார்.

அரிசி களைகையில் சொல்லிப் பார்க்கிறேன்:
ரிதெனவாத? ரிதெனவாத?
வலிக்கிறதா என்பதற்கு அவ்வளவுதான்.
கறுத்த விரல்களை மண்ணெண்ணெயில் கழுவியபடி
தவராசா திருத்துகிறார்.
"நீ கேக்குறது,
வலிக்கலன்னா அடிப்பேன்ற மாதிரி இருக்கு."

மாசியில் ஒருநாள், காலை பத்து மணி.
தோட்டத்து லொறி வந்து நின்றது.
ஏழு பெண்கள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தலைக்குப் போர்த்தி
குளவிக்குத் தப்பி ஓடியவர்கள்.
வீங்கி வீங்கி ஏழும் ஒரே முகம்.
ஒருத்தியின் கொண்டைக்குள்
இன்னும் ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

கடைசிக் கட்டிலில் இருந்தவளுக்கு
நரம்பு கிடைக்கவில்லை.
சதுரிகா, இருபத்து மூன்று வயது,
இரண்டு தரம் குத்தினாள். இரண்டு தரமும் நழுவியது.
மெஷின் சொல்லுமுன்
அவள் உதட்டு நிறத்தில் எனக்குத் தெரிந்தது,
இன்னும் கொஞ்ச நேரம்தான்.
தட்டைக் கீழே வைத்தேன்.
முழங்கை மடிப்புக்குச் சற்று உள்ளே,
கண்ணுக்கு ஒன்றுமில்லாத இடத்தில்
சுட்டுவிரலை அழுத்தி எடுத்தேன்.
"மெத்தன."
இங்கே என்ற அந்தச் சொல்
எப்போது கற்றேன் என்று ஞாபகமில்லை.

சதுரிகா நிமிர்ந்து பார்க்கவில்லை.
விரல் விட்டுப்போன குழியில் ஊசி இறங்கியது.
குழாயில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

பதற்றத்தில் நான் குனிந்து
"ரிதெனவாத?" என்றேன்.
தடித்த உதடு ஒருபக்கம் கோணியது.
"தமிழ்லயே கேளுங்க, மிஸ்ஸி."

அறிக்கைப் புத்தகத்தில் என் பெயர் இல்லை.
இருக்கவும் கூடாது.
வேலை முடியும் நேரம் குசுமலதா மிஸ்
ஒன்றே ஒன்று கேட்டார்:
"தொடுமுன் கையைக் கழுவினாயா?"
இல்லை.
அவர் தலையை மட்டும் அசைத்தார்,
என்ன அர்த்தமென்று இன்னும் யோசிக்கிறேன்.

ஸ்டேஷனில் மலையேற வந்த கூட்டம்,
வெள்ளை உடுப்பு, கம்பளித் தொப்பி, தூங்கும் குழந்தைகள்.
பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
மேல்கம்பியைப் பிடித்திருந்த கைகளில்
ஒவ்வொன்றாய் நரம்பு பார்த்துக்கொண்டே வந்தேன்.
கொண்டக்டரின் இடது கை அபாரம்,
பதினெட்டாம் நம்பர் ஊசியே சுலபமாய்ப் போகும்.
மிச்சக் காசு தர அவர் மறந்தார்.
வாங்க நானும்.